சதுரத்துக்குள் சதுரம்: அரை நாள் வேலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸின் லிமிடெட் எடிஷன் (இத்தனை படிதான் என்று எண்ணி அச்சிட்ட) சில்க்ஸ்கிரீன் படம் ஒன்றைப் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தோம். சதுரத்துக்குள் சதுரமாக நாலே நாலு நிறம், அதற்கு ஏன் இந்த விலை என்று கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் சொல்லும் பதிலில்தான் எங்களுக்கு உடன்பாடு இல்லை. எங்கோ இருக்கும் ஓவியத்தைப் பார்த்து இயந்திரத்தில் எடுத்த நகல் இது, காசெல்லாம் கையெழுத்துக்குத்தான், கல்யாணப் பை அடிக்கும் கடையில் கொடுத்தால் அரை நாளில் இதே மாதிரி அடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார்.

நகரி, புத்தூர் வட்டாரத்தில் அந்தக் கல்யாணப் பை அடிக்கும் கடைக்காரர்கள் நாங்கள்தான். தாம்பூலப் பை, பத்திரிகை, ஸ்டிக்கர், தறிக்காரர்களுக்கு லேபிள் என்று தமிழிலும் தெலுங்கிலும் அடித்துக் கொடுக்கிறோம். ஆல்பர்ஸின் படம் அச்சான விதமும் எங்கள் கடையில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றுதான். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடத்தை அடைத்து, மீதி வழியாக மையை ரப்பரால் தள்ளுகிறோம். மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் 1907-ல் காப்புரிமை வாங்கிய முறை இது. பட்டுத் துணி போய் பாலியெஸ்டர் வந்தது, வேலை மாறவில்லை. அந்த மட்டில் கட்டுரையாளர் சொன்னது சரி. அரை நாள் என்றதுதான் இடிக்கிறது.

முதலில் நகல் விவகாரம். ஆல்பர்ஸ் 1888-ல் ஜெர்மனியின் பாட்ராப் ஊரில் பிறந்தவர். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போனால் வழிவதைப் பிடித்துக்கொள்ளலாம், சட்டைக் கையும் அழுக்காகாது என்று அப்பா சொல்லிக் கொடுத்ததைத் தன் சதுரங்களிலும் ஆல்பர்ஸ் கடைப்பிடித்தார். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானார். 1933-ல் அது மூடப்பட்டதும் அமெரிக்காவுக்குப் போய் பிளாக் மவுன்டன் கல்லூரியிலும், 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். சதுர வரிசையை அந்த 1950-ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் தொடங்கினார். 1976-ல் இறக்கும் வரை ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார்.

அவருக்கு வேண்டியது தூரிகைத் தடம் தெரியாத, சமமான, தட்டையான நிறம். ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் எப்படி மாறித் தெரிகிறது என்பதுதான் அவருடைய ஒரே விஷயம். ஒரே சாம்பல் நிறத்தைக் கறுப்புக்கு நடுவிலும் வெள்ளைக்கு நடுவிலும் வைத்தால் இரண்டு சாம்பலாகத் தெரியும். பரப்பில் மேடு பள்ளமோ கோடோ இருந்தால் கண் அங்கே போய்விடும், இந்த மாயம் நடக்காது. ஓவியத்தில் பெயின்டைக் குழாயிலிருந்து அப்படியே எடுத்துக் கத்தியால் இழுத்தார், எந்தக் கம்பெனியின் எந்த நிறம் என்று பலகைக்குப் பின்னால் குறித்தும் வைத்தார். தாளில் அதே தட்டைத்தன்மையைக் கொடுக்க சில்க்ஸ்கிரீனை மிஞ்ச ஒன்றில்லை. ஆஃப்செட்டில் பச்சை என்பது நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் சேர்ந்த தோற்றம். ஸ்கிரீனில் பச்சை என்றால் டப்பாவில் பச்சையாகவே கலந்த மை. நிறங்களின் உறவைப் பற்றி அவர் 1963-ல் யேல் வழியாக வெளியிட்ட புத்தகத்தின் முதல் பதிப்பு 2,000 படி, அதில் 150 சில்க்ஸ்கிரீன் தாள்கள் இருந்ததற்கும் இதுவே காரணம்.

அவருக்கு அச்சிட்டுக் கொடுத்தவர்கள் நார்மன் ஐவ்ஸ், சீவெல் சில்மன். இருவரும் யேலில் அவரிடம் படித்தவர்கள். 1962-ல் பத்துச் சதுரப் படங்கள் கொண்ட தொகுதியை 250 படி போட்டார்கள். 1972-ல் 127 படங்கள் கொண்ட பெரிய தொகுதி, 1,000 படி. இவை ஸ்கிரீனுக்கென்று நிறம் பார்த்து, கலைஞர் ஒப்புதலோடு அச்சானவை. அந்தத் தாளே படைப்பு. ஓவியத்தில் செய்து பார்த்த யோசனை இதில் திரும்ப வந்தாலும், இதை இயந்திர நகல் என்று சொல்ல முடியாது.

நகல் என்ற பேச்சு பொருந்துகிற ஜாதி வேறொன்று உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ஏற்கெனவே வரைந்து முடித்த ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, இருபது முப்பது நிறமாகப் பிரித்து, செரிகிராஃப் என்று அடித்து, கலைஞரிடம் கையெழுத்து வாங்கி விற்பது. எஸ்.எச். ராசா, எம்.எஃப். ஹுசைன் போன்ற பெரிய ஓவியர்களின் செரிகிராஃபுகளும் நம் நாட்டுச் சந்தையில் நிறைய. வேலைத்திறத்தில் சில அபாரமானவை. ஆனாலும் வாங்குபவர் கடைக்காரரிடம், இந்தப் படம் ஸ்கிரீனுக்கென்றே போட்டதா, ஓவியத்திலிருந்து எடுத்ததா என்று கேட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்க நியாயமில்லை.

இனி அந்த அரை நாள். 40 செ.மீ. சதுரம், 55 செ.மீ. தாள், நாலு நிறம், நூறு படி என்று வைத்துக்கொள்வோம். ஆல்பர்ஸின் அளவு முறையில் வெளிச் சதுரம் பத்துப் பங்கு. உள்ளே எட்டு, ஆறு, நாலு. அதாவது 40, 32, 24, 16 செ.மீ. உள்ளே போகப் போகச் சதுரம் நடுவில் நிற்காது, கீழே இறங்கி நிற்கும். ஒரு சதுரத்துக்கும் அதன் உள் சதுரத்துக்கும் நடுவே கீழ் இடைவெளி 2, பக்கங்கள் 4, மேலே 6 செ.மீ. ஒன்று, இரண்டு, மூன்று என்ற விகிதம். இதில் அரை மில்லிமீட்டர் பிசகினால் தாம்பூலப் பையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே குழந்தைகூடச் சொல்லிவிடும், ஏனென்றால் பார்ப்பதற்கு வேறு எதுவுமே இல்லை.

பைக்கு நாங்கள் போடும் மெஷ், அதாவது சட்டத்தில் கட்டும் வலைத் துணி, செ.மீ.க்கு 43 முதல் 61 இழை. மை கனமாக இறங்க வேண்டும், துணி குடிக்க வேண்டும். தாளில் தட்டையான நிறத்துக்கு 90 முதல் 120 இழை. நாலு ஸ்கிரீனுக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டிய துணி, ஒரே அளவு இழுப்பு, சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன் பக்கம். ஒன்று தொய்வாகவும் ஒன்று விறைப்பாகவும் இருந்தால், ரப்பர் இழுக்கும் திசையில் தொய்வான துணி நீளும், அந்தச் சதுரம் மட்டும் செவ்வகமாகிவிடும். கோளாறு ஃபிலிமில் (சதுரத்தின் வடிவத்தை ஸ்கிரீனில் பதிக்க வெளிச்சத்தை மறைக்கும் தாள்) இருக்கிறது என்று நினைத்து ஃபிலிமை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கோளாறு சட்டத்தில் இருக்கும். சட்டம் படத்தைவிட நாலு பக்கமும் குறைந்தது 12 செ.மீ. பெரிதாக இருக்க வேண்டும். ஓரத்துக்கு அருகே துணி விறைப்பாக நிற்பதால் அங்கே மை ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் இறங்கும்.

வெளிச்சம் பட்டால் இறுகி மெஷ்ஷை அடைக்கும், படாத இடத்தில் கழுவினால் போய்விடும் எமல்ஷனை அச்சுப் பக்கம் இரண்டு பூச்சு, ரப்பர் பக்கம் ஒரு பூச்சு பூசி, அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து இருட்டில் காயவிட வேண்டும். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது காயவே காயாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால் கழுவும்போது ரப்பர் பக்கம் வழவழவென்று வரும், ஊசித் துளைகள் விழும், நூறு இழுப்புக்குள் ஓரம் கரையும். சூடு காட்டி அவசரப்படுத்தினாலும் ஆபத்துதான். 40 டிகிரிக்கு மேல் போனால் வெளிச்சம் படாமலே எமல்ஷன் இறுகத் தொடங்கி, கழுவினாலும் திறக்காது. எமல்ஷனில் கலக்க பல கடைகளில் இன்னும் ஓடும் பைகுரோமேட் உப்பு மலிவு, ஆனால் விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, கழுவின தண்ணீரைக் கால்வாயில் விடக் கூடாது. டயசோ எமல்ஷன் இருக்கும்போது அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

ஃபிலிமில் ஒரு சூட்சுமம். லேசர் பிரின்டரில் ஃபிலிம் எடுத்தால் சூட்டில் நீள அகலம் மாறும், அதுவும் நாலு ஃபிலிமிலும் ஒரே அளவு மாறாது. நேர்க்கோடு மட்டுமே உள்ள இப்படிப்பட்ட படத்துக்கு சிவப்பு மாஸ்கிங் ஃபிலிமை ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கத்தியால் வெட்டுவதே மேல். மூலையில் கத்தி ஒரு மயிரிழை தாண்டி ஓடினால் அது அச்சில் கொம்பாக வரும்.

நேரம் தின்பது நிறம் கலப்பதுதான். 40 செ.மீ. சதுரம் ஒன்று 0.16 சதுர மீட்டர். வீணாவதையும் சேர்த்து 135 தாளுக்குக் கிட்டத்தட்ட 22 சதுர மீட்டர். இந்த மெஷ்ஷில் கிலோ மை சுமார் 30 சதுர மீட்டர் ஓடும், ஆக முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு கிலோவாகக் கலந்துவிட வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால், எத்தனை தராசு வைத்து நிறுத்தாலும் எண்பதாவது தாளும் எண்பத்தோராவது தாளும் ஒட்டாது. பைக்காரர் கேட்க மாட்டார். ஆல்பர்ஸ் படத்தில் அந்த ஒரு நிறம் மாறினால் மற்ற மூன்றும் சேர்ந்து மாறித் தெரியும்.

தண்ணீர் மை காயும்போது ஒரு சாயல் கருக்கும். டப்பாவில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அச்சடிக்கப் போகும் அதே தாளில், அதே மெஷ் வழியாக ஒரு துண்டு இழுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை. இரண்டு நிறமிகளால் கலந்த சாம்பலும் மூன்றால் கலந்த சாம்பலும் வெயிலில் ஒன்றாகவும் விளக்கில் வேறாகவும் தெரியும். ஆல்பர்ஸ் தன் ஓவியங்களை வெதுவெதுப்பான குழல் விளக்கும் குளிர்ந்த குழல் விளக்கும் கலந்த வெளிச்சத்தில்தான் வரைந்தார் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த விரும்புகிறோம். அது வெறும் பழக்கம் அல்ல.

எதை முதலில் அடிப்பது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. நாலு சதுரத்தையும் முழுசாக ஒன்றன்மேல் ஒன்று அடித்தால் நடுவில் நாலு அடுக்கு மை ஏறி ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் மூடும் சக்தி குறைவு. சாம்பல் மேல் மஞ்சள் அடித்தால் பச்சை தட்டும். எனவே மஞ்சளுக்குக் கீழே இடம் விட்டு, வெள்ளைத் தாள் மேலேயே அது உட்காரும்படி செய்ய வேண்டும். இடம் விட்டால் ஓரத்தில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் அரை மி.மீ. ஏறும் மேலேற்றம் தேவை, இல்லாவிட்டால் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். மேலேற்றம் கூடினால் அங்கே மூன்றாவதாக ஒரு கருங்கோடு பிறக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அச்சடிப்பவருக்குக் கிடைப்பது கால் மி.மீ. சுதந்திரம்.

தாள் சும்மா இருக்காது. 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் ஈரத்தை உறிஞ்சினால் 55 செ.மீ.க்கு அரை மி.மீ. வரை நீளும். காலையில் முதல் நிறம் அடித்து, சாயங்காலம் மழை பெய்து, மறுநாள் இரண்டாவது அடித்தால் ரெஜிஸ்டர், அதாவது நிறத்தோடு நிறம் இடம் பொருந்துவது, போச்சு என்று அர்த்தம். தாளை அச்சடிக்கும் அறையிலேயே ஒரு நாள் பிரித்து வைத்திருக்க வேண்டும். நாலு நிறத்தையும் ஒரே மாதிரி வானிலையில் முடிக்க வேண்டும், இழை ஓடும் திசை எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிசிறுவைத்த ஓரம் பார்க்க அழகு, ஆனால் அதை அணைகட்டையில் (தாள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்கார மேசையில் ஒட்டும் கட்டை) முட்ட வைக்க முடியாது. நேராக வெட்டிய இரண்டு ஓரம் தேவை, நீளப் பக்கம் இரண்டு கட்டை, குறுக்கே ஒன்று. அதே மூலை, அதே கட்டை, நாலு தடவையும்.

இழுப்புக்கு வருவோம். துணிக்கும் தாளுக்கும் இடைவெளி 2 முதல் 3 மி.மீ. ரப்பர் 70 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவு) கடினம், விளிம்பு சாணை பிடித்த மாதிரி கூராக. பைக்கு உபயோகிக்கும் மழுங்கிய ரப்பர் இங்கே மையைக் கொட்டிவிடும். ரப்பரில் ஒரு நகக்கீறல் இருந்தால் போதும், 135 தாளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய கோடு ஓடும். இழுக்கும்போது நடுவில் கை தயங்கினால் அங்கே ஒரு பட்டை. ஒரு தூசி உட்கார்ந்தால் நிறத்துக்கு நடுவில் வெள்ளை வளையம். பழைய ஸ்கிரீனைச் சரியாக உரிக்காமல் மறுபடி பூசியிருந்தால், போன மாதம் அடித்த பத்திரிகையின் பிள்ளையார் ஆல்பர்ஸின் சதுரத்தில் மங்கலாகத் தரிசனம் தருவார். பூவும் கொடியும் நிறைந்த டிசைனில் இவை எல்லாம் ஒளிந்துகொள்ளும். தட்டையான சதுரத்தில் ஒளிய இடமில்லை. சுலபமாகத் தெரிகிற படம் அச்சடிக்கக் கஷ்டமானது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

சித்திரை வெயிலில் வேறு தொல்லை. அறையில் 38, 40 டிகிரி என்றால் தண்ணீர் மை மெஷ்ஷின் கண்ணறையிலேயே காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் ஸ்கிரீன் மேல் மையைப் பரப்பி மூடி வைத்து, மை காய்வதைத் தாமதிக்கும் ரீடார்டர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து சேர்த்தால் சமாளிக்கலாம். பத்துக்கு மேல் போனால் தாளில் காயாமல் ஒட்டும். டப்பாவில் தண்ணீர் ஆவியாகி மை கெட்டியானால் நிறமும் கனக்கும், எனவே டப்பா மூடியே இருக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால் 135 தாள், நாலு நிறம், 540 இழுப்பு. கை வேகத்தில் மணிக்கு நாற்பது, ஐம்பதுதான் நிதானமாக வரும். இழுப்புக்கு மட்டுமே பதினொன்று முதல் பதின்மூன்றரை மணி நேரம். ஸ்கிரீன் தயாரிப்பு, நிறம் சரி பார்ப்பது, காய வைப்பது, கழிப்பது எல்லாம் சேர்த்தால் நல்ல வானிலையில் ஒரு வாரத்துக்குக் குறையாது. கழிவு இருபது தாள் என்றால் அது நல்ல கை.

நூறு நல்ல தாள் சேர்ந்ததும் கலைஞர் பார்த்து, பென்சிலால் கீழே எண்ணும் கையெழுத்தும் போடுவார். 17/100 என்றால் நூறில் இது பதினேழு என்று மட்டும் பொருள். பதினேழாவதாக அச்சானது என்று நினைக்க வேண்டாம், காயப் போட்ட தட்டிலிருந்து எடுக்கும்போது வரிசை மாறியிருக்கும். செம்புத் தகட்டில் அடிக்கும் படத்தில் தகடு தேயும், முந்தைய எண் கொஞ்சம் கூர்மையாக இருக்கலாம். ஸ்கிரீனில் அந்த வேறுபாடு கிடையாது, சின்ன எண்ணுக்கு அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள். நூறுக்கு வெளியே கலைஞருக்கென்று சில தாள்கள் ஏ.பி. என்ற குறிப்போடு இருக்கும், வழக்கமாகப் பத்து சதவீதம். அச்சடித்தவருக்கு பி.பி. என்று ஒன்றிரண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான் அளவுகோல் என்று கலைஞர் ஒப்புக்கொண்ட ஒரு தாள் உண்டு, அதை வைத்துத்தான் மற்றவை கழிபடும். பிறகு ஸ்கிரீன்களை உரித்துவிட வேண்டும், ஃபிலிமையும் குறுக்கே வெட்டிவிட வேண்டும். உரிக்காத வரை லிமிடெட் என்ற பேச்சுக்குப் பொருளில்லை. ஃபிலிம் இன்றைக்குக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்பதால், எத்தனை படி, எத்தனை ஏ.பி., யார் அச்சடித்தது, எந்த ஆண்டு என்ற எழுத்துப்பூர்வமான தாள் முன்னைவிட இப்போது முக்கியம்.

வாங்குபவர்களுக்குச் சோதனை சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தால் பயனில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். நிறத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். ரோஜாப்பூ மாதிரி புள்ளி வட்டங்கள் தெரிந்தால் ஆஃப்செட். தூவினாற்போல் கலைந்த நுண்புள்ளிகள் என்றால் இங்க்ஜெட். ஆல்பர்ஸின் ஸ்கிரீன் படத்தில் புள்ளியே இருக்காது, ஒரே தட்டை நிறம், ஓரத்தில் சில இடங்களில் மெஷ்ஷின் மிக நுண்ணிய ரம்பப்பல். தாளைக் கண் மட்டத்துக்குச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறும் இடம் மெல்லிய வரப்பாகத் தெரியும். புள்ளி இருந்தாலே போலி என்று மற்ற கலைஞர்களின் படத்தைத் தள்ளிவிடாதீர்கள், புகைப்படத்தை வைத்து ஸ்கிரீன் போட்டவர்கள் படத்தில் ஹாஃப்டோன் புள்ளி (வெளிர், அடர் சாயலைக் காட்டும் புள்ளி) இருக்கத்தான் செய்யும். அது பெரிய, ஒரே நிறப் புள்ளியாக இருக்கும். கையெழுத்தையும் சாய்த்துப் பாருங்கள். பென்சில் கரி மினுமினுக்கும், தாளில் லேசாகப் பள்ளம் இருக்கும். அச்சான கையெழுத்தில் இரண்டும் இருக்காது. கள்ளநோட்டு பார்க்கும் நீல லைட்டில் தாள் பளிச்சென்று ஒளிர்வது ஒரு எச்சரிக்கை மட்டுமே, 1950-களுக்குப் பிறகு வெளுப்பூட்டி சேர்த்த தாள் பரவிவிட்டதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆல்பர்ஸ் என்றாலே சில்க்ஸ்கிரீன் என்றும் கட்டுரை எழுதிவிட்டது. 1966-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஜெமினி பட்டறையில் அவர் போட்ட வெள்ளைக் கோட்டுச் சதுரங்கள் லித்தோகிராஃப் (தட்டையான கல்லிலோ தகட்டிலோ இருந்து எடுக்கும் அச்சு), படத்துக்கு 125 படி. அதில் மேற்சொன்ன வரப்பைத் தேடினால் கிடைக்காது, கிடைக்கவில்லை என்பதால் போலியும் அல்ல. அதேபோல் 1,000 படி போன 1972 தொகுதியிலிருந்து பிரித்த ஒரு தாளையும், சிறிய எடிஷனில் தனியாகக் கையெழுத்திட்ட படத்தையும் ஒரே தட்டில் வைத்து விலை பேசக் கூடாது. அவருடைய அச்சுப் படங்கள் முழுவதையும் அளவோடும் எண்ணிக்கையோடும் பட்டியலிட்ட புத்தகம் 2001-ல் வந்திருக்கிறது. தாளின் அளவு அதில் உள்ளதைவிட ஒரு செ.மீ. குறைவாக இருந்தாலும் யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் எங்கள் மண்ணுக்காரர் ஒருவரும் தவறாக அடைபட்டுவிட்டார். பழைய சித்தூர் மாவட்டத்தில் 1925-ல் பிறந்த கிருஷ்ணா ரெட்டியின் படங்களையும் சில்க்ஸ்கிரீன் வரிசையில் சேர்த்திருக்கிறார் கட்டுரையாளர். சாந்திநிகேதனில் படித்து, சென்னை கலாக்ஷேத்ராவில் கற்பித்து, பாரிஸில் அச்சுக்கலைஞர் ஹேட்டரின் அட்டெலியே 17 பட்டறையில் பெயர் பெற்றவர் அவர். 1972-ல் பத்மஸ்ரீ, 2018-ல் நியூயார்க்கில் காலமானார். அவர் செய்தது ஸ்கிரீனுக்கு நேர் எதிர். ஒரே உலோகத் தகட்டைப் பல ஆழத்தில் செதுக்கியும் அரித்தும், லின்சீட் எண்ணெய் கூடக்குறையச் சேர்த்த மைகளைக் கடின உருளையாலும் மென்மையான உருளையாலும் ஏற்றுவார். கடின உருளை மேட்டை மட்டும் தொடும், மென்மையானது பள்ளத்துக்குள்ளும் இறங்கும். எண்ணெய் கூடிய மை மேல் எண்ணெய் குறைந்த மை ஒட்டாது. ஆக எல்லா நிறமும் ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தத்தில் தாளுக்கு வரும். நாங்கள் நாலு ஸ்கிரீனோடு மல்லுக்கட்டும் ரெஜிஸ்டர் தொல்லையே அங்கே இல்லை. அடையாளம் காண்பதும் சுலபம். ஈரத் தாளில் தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றி இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். ஸ்கிரீன் படத்தில் அது வராது.

ஏமாற்று எந்தப் பக்கமும் நடக்கும் என்பதற்கு எங்கள் அக்கம்பக்கமே சாட்சி. காளஹஸ்தியில் கலம் என்ற மூங்கில் பேனாவால் துணியில் கையால் வரையும் கலம்காரி என்று சொல்லி, ஸ்கிரீனில் அடித்த துணியை விற்கிறார்கள். நகரத்துக் கடையில் ஸ்கிரீன் என்று சொல்லி இங்க்ஜெட்டை விற்கிறார்கள்.

வாங்கிய பிறகு நடக்கும் கொலை ஃபிரேம் கடையில். ஃபிரேமுக்கு அளவாக வெள்ளை ஓரத்தை வெட்டுவார்கள், எண்ணும் கையெழுத்தும் அதோடு போகும். லேமினேட் செய்வார்கள், ஃபெவிகால் தடவிப் பலகையில் ஒட்டுவார்கள், பின்னால் பிளைவுட் வைப்பார்கள். பிளைவுட்டின் அமிலம் சில வருடத்தில் தாளைப் பழுப்பாக்கும். அமிலமில்லாத பருத்தி அட்டை, மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமை ஸ்டார்ச் பசையும், அவ்வளவுதான் தேவை. பசை ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, 5 மி.மீ. இடைவெளி விட வேண்டும். நம் மழைக்காலத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது நிறம் உரிந்து வரும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். எந்தச் சுவரானாலும் பின்னால் தக்கைத் துண்டு வைத்து ஒரு செ.மீ. காற்று ஓட விடுங்கள். நேர் வெயில் அறவே ஆகாது. சாமி படத்தில் ஒரு சிவப்பு வெளுத்தால் சாமி அப்படியே இருப்பார். ஆல்பர்ஸின் நாலு நிறத்தில் ஒன்று வெளுத்தால் அவர் கட்டிய உறவே அறுந்துவிடும், சுவரில் இருப்பது வேறு படம்.

இந்த வேலையை நேரில் பார்க்க விரும்பும் வாசகர்கள் சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதமி வட்டார மையத்தில் விசாரிக்கலாம், அச்சுக்கலைக்கென்றே அங்கே பட்டறை உண்டு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தைச் சதுரத்தின் விளிம்போடு வெட்டிப் போட்டிருந்தீர்கள். எண்ணும் கையெழுத்தும் ஆண்டும் இருக்கும் வெள்ளை ஓரம் வாசகர் கண்ணில் படவே இல்லை. இனி அச்சுப் படம் எதைப் போட்டாலும் முழுத் தாளையும் போடுங்கள். கீழே கலைஞர் பெயர், ஆண்டு, தாளின் அளவு, எத்தனை படியில் எத்தனையாவது, எந்த அச்சு முறை என்பதோடு அச்சடித்தவர் பெயரையும் ஒரு வரியில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஸ்கிரீன் பிரின்டிங் கடைக்காரர்கள் சிலர்,
நகரி, புத்தூர் வட்டாரம், ஆந்திரப் பிரதேசம்.